டின்னில் வரும் பூனை உணவு: எது மலிவு?

செல்லப்பிராணிகள் குறித்து வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் ஒருவர் பதிலளிக்கும் பகுதி.

கேள்வி: எங்கள் வீட்டில் கருத்தடை செய்யப்பட்ட ஆண்பூனை ஒன்று இருக்கிறது. வயது நான்கு, எடை 4 கிலோ. இதுவரை கிலோ 400 ரூபாய்க்கு விற்கும் உலர் உணவை மட்டுமே கொடுத்து வந்தோம். சென்ற மாதம் அது சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டதால், ஈர உணவும் கொடுக்கும்படி எங்கள் மருத்துவர் கூறினார். கடையில் 85 கிராம் டின் ஒன்று 45 ரூபாய்க்கும், அதே எடையில் வேறொன்று 60 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. இரண்டின் லேபிளில் உள்ளவற்றையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். விலை குறைந்ததை வாங்கினால் தவறாகுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 45 ரூபாய் டின் உண்மையிலேயே விலை குறைந்ததுதானா என்று பார்த்துவிடுவோம். நீங்கள் எழுதியுள்ளபடி அந்த டின்னில் ஈரப்பதம் 87 விழுக்காடு, புரதம் 7 விழுக்காடு. 60 ரூபாய் டின்னில் ஈரப்பதம் 78, புரதம் 11. ஈரப்பதம் என்பது தண்ணீர்தான். அதைக் கழித்துவிட்டால் முதல் டின்னில் சுமார் 11 கிராம் திடப்பொருளும், இரண்டாவதில் ஏறத்தாழ 19 கிராமும் மிஞ்சுகின்றன. ஒரு கிராம் திடப்பொருளுக்குத் தோராயமாக 4 கலோரி என்று கொண்டால், முதலாவது 44 கலோரியும் மற்றது 75 கலோரியும் தரும். வீட்டுக்குள்ளேயே வளரும் 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 220 கலோரி அளவில் தேவைப்படுவதால், டின் உணவை மட்டுமே கொடுப்பதானால் முதல் வகையில் ஐந்து டின்கள் வேண்டும்; செலவு 225 ரூபாய். இரண்டாவது வகையில் மூன்று டின்கள் போதும். செலவு 180 ரூபாய். லேபிளில் ஈரப்பதம் அதிகபட்ச அளவாகவும் புரதம் குறைந்தபட்ச அளவாகவும் அச்சிடப்படுவதால் இந்தக் கணக்கு சற்று முன்பின் இருக்கலாம். டின்னிலேயே கலோரி அச்சிடப்பட்டிருந்தால் அந்த எண்ணையே நம்புங்கள்.

இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்பாகவே ஒன்றைச் சரிபார்த்திருக்க வேண்டும். டின்னின் மீது எங்காவது, பெரும்பாலும் கண்ணை உறுத்தும் சிறிய எழுத்தில், ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அமெரிக்காவின் ஆஃப்கோ, ஐரோப்பாவின் ஃபெடியாஃப் ஆகிய அமைப்புகள் வகுத்த ஊட்டச்சத்து அளவுகளுக்கு உட்பட்டது என்ற வாசகமும் உடன் இருந்தால் நல்லது. அதற்குப் பதிலாக ‘காம்ப்ளிமென்ட்டரி’ என்று இருந்தால் அது பூனைக்கு நொறுக்குத் தீனி போன்றது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அன்றாட உணவாகாது. தெளிந்த சாற்றில் மீன் துண்டுகள் மிதக்கும், பார்வைக்கு மிக அழகான டின்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

உட்பொருள் பட்டியலில் கோழி, மீன் போன்றவை முதலிடத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் ஈரல், இதயம், நுரையீரல் ஆகியவை சேர்ந்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. எலியைப் பிடிக்கும் பூனை அதன் ஈரலை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதில்லை. தானியம் சேர்க்காதது என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதும் தேவையற்றது என்பது என் கருத்து.

நாளொன்றுக்கு 180 ரூபாய் என்றால் மாதம் 5,400 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெருஞ்சுமை. ஆகவே காலையும் மாலையும் பாதிப் பாதியாக 60 ரூபாய் டின் ஒன்றையும், எடைபோட்டு 40 கிராம் உலர் உணவையும் கொடுங்கள். ஏறக்குறைய அதே 220 கலோரி கிடைத்துவிடும். செலவு நாளொன்றுக்கு 76 ரூபாய், மாதத்துக்கு 2,300 ரூபாய்க்குள் அடங்கும். டின் உணவோடு இரண்டு மூன்று தேக்கரண்டி தண்ணீரையும் கலந்துவிட்டால், உங்கள் மருத்துவர் எந்த நோக்கத்துக்காக ஈர உணவைப் பரிந்துரைத்தாரோ அது இன்னும் நன்றாக நிறைவேறும். அவர் குறிப்பிட்ட சிகிச்சை உணவு ஏதேனும் எழுதிக் கொடுத்திருந்தால், மேலே சொன்ன கணக்கை ஒதுக்கிவிட்டு அதையே பின்பற்றுங்கள். ஆண்பூனை மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பச் சென்று முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால், உணவை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தக் கூடாது. சிறுநீர்ப்பாதை அடைப்பு ஓரிரு நாட்களில் உயிரைப் பறித்துவிடும். உடனே அருகிலுள்ள மருத்துவரிடமோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். எங்கள் பூனை தயிர்சாதத்தை விரும்பிச் சாப்பிடுகிறது. டின் உணவை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவர மாமியாருக்கு விருப்பமில்லை. தயிர்சாதமே போதாதா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: போதாது. பூனை விரும்பிச் சாப்பிடுவதாலேயே ஓர் உணவு அதற்குப் போதுமானதாகிவிடாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவுக்குத் தானே உருவாக்கிக்கொள்வதில்லை. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அதைப் பெற வேண்டும். சோற்றில் டாரின் இல்லை. தயிரில் இருப்பது மிகச் சொற்பம். இக்குறைபாடு நீடித்தால் விழித்திரை சிதைந்து பார்வை போகும். இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும். பால் பியான் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த இதய நோய்க்கும் டாரின் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பை 1987-இல் வெளிப்படுத்தினார்கள். அந்தப் பூனைகள் சாப்பிட்டது தயிர்சாதமல்ல, கடையில் விற்ற பூனை உணவு. அதன் பிறகே தயாரிப்பாளர்கள் டாரின் அளவை உயர்த்தினார்கள். இன்று ஆஃப்கோ அளவுப்படி, ஈரம் நீக்கிய எடையில் உலர் உணவில் குறைந்தது 0.1 விழுக்காடும், டின் உணவில் அதைப் போல இருமடங்கும் டாரின் இருக்க வேண்டும்.

உங்கள் மாமியாரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. சமையலறைக்குள் கொண்டுவராமல், பால்கனியில் தனித் தட்டும் தனிக் கரண்டியும் வைத்து, ஒரு வேளைக்குத் தீர்ந்துவிடும் சிறிய பவுச்களாக வாங்கிக்கொள்ளும் சைவக் குடும்பங்கள் பல எனக்குத் தெரியும். உலர் உணவானால் வாடையும் குறைவு. தயிர்சாதத்தை ஆசைக்கு ஒரு வாய் கொடுப்பதில் பெரிய தீங்கில்லை. ஆனால் வெங்காயம் சேர்ந்த எதையும் கொடுக்காதீர்கள், அது பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

கேள்வி: மனிதர்களுக்கான டியூனா மீன் டின்னைப் பூனைக்குக் கொடுக்கலாமா? திறந்த டின்னை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: எப்போதாவது ஒரு தேக்கரண்டி கொடுக்கலாம், அதுவும் எண்ணெயிலோ உப்புநீரிலோ ஊறாததாக இருக்க வேண்டும். அதையே உணவாக்கினால் வைட்டமின் ஈ குறைந்து உடற்கொழுப்பு அழற்சியுறும், பாதரசமும் சேரும். அந்தப் பணத்துக்குச் சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தையில் மத்தி வாங்கி, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து, முள் நீக்கி, வாரம் ஓரிரு முறை சிறிதளவு கொடுக்கலாம். பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் உள்ள நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும்.

திறந்த டின்னில் மிஞ்சியதை மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். குளிர்ந்த உணவைப் பல பூனைகள் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். கிண்ணத்தை வெந்நீரில் சில நிமிடங்கள் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். சென்னையின் மே மாதத்தில், தட்டில் போட்டது ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால், எறும்பு வருவதற்குள் எடுத்துக் கொட்டிவிடுங்கள்.