உப்புக்குக் கீழே

கேள்வி: அலுவலக விருந்தில் டிரைவர்களும் எங்கள் மேஜையிலேயே சாப்பிட்டார்கள். மேலதிகாரி ஒருவர் முகம் சுளித்து, "தே ஆர் பிலோ தி சால்ட்" என்றார். அதற்கு என்ன பொருள்? நம்முடைய 'உப்புக்குப் பெறாதவர்' என்பதும் இதுவும் ஒன்றா? அன்று ராத்திரி பதினொரு மணிக்கு என்னைப் பத்திரமாக வீட்டில் இறக்கிவிட்டவர் அதில் ஒரு டிரைவர் அண்ணன்தான். மனசு கேட்கவில்லை.
- வாசகி, பெரம்பூர்

பதில்: ஒன்றில்லை அம்மா. உப்புக்குப் பெறாதவர் என்றால் ஆளே மதிப்பில்லாதவர். 'பிலோ தி சால்ட்', அதாவது 'உப்புக்குக் கீழே', ஆளின் மதிப்பைச் சொல்வதில்லை. அவரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது.

அந்தக் கால இங்கிலாந்தில், பெரிய வீட்டுக் கூடங்களில் நீளமான மேஜை போட்டு விருந்து நடக்கும். மேஜையில் ஒரு பெரிய உப்புக் கலம். அதற்கு மேல்பக்கம், வீட்டுக்காரரை ஒட்டிப் பெரிய மனிதர்கள், கீழ்ப்பக்கம் மற்றவர்கள். நம் வீட்டு உப்பு ஜாடி போல நினைத்துவிடாதீர்கள். 1527-28ல் பாரிஸில் செய்த ஒரு கலம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓட்டில் வெள்ளி வேலை செய்த பாய்மரக் கப்பல் அது!

1597ல் ஆங்கிலக் கவிஞர் ஜோசப் ஹால் எழுதிய ஒரு கவிதையில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் தேடுகிறார் ஒரு பண்ணையார். அவர் போடும் நிபந்தனைகளில் ஒன்று, வாத்தியார் உப்புக்கு மேலே உட்காரக் கூடாது என்பது.

அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அடையாறில் ஒரு பங்களாவில் மூன்று வருஷம் ட்யூஷன் எடுத்தேன். அந்த வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். இலையில் தண்ணீர் தெளித்து, இடது ஓரத்தில் உப்பும் வைத்தாகிவிட்டது. "சார், நீங்க அப்புறம் சாப்பிடுங்களேன்" என்றார்கள். அந்த உப்பைப் பார்த்துக்கொண்டே எழுந்தேன். கடைசிப் பந்தியில் டிரைவர்களோடு சாப்பிட்டேன். "சாருக்கு இன்னொரு அப்பளம் போடுப்பா" என்று கேட்டு வாங்கிப் போட்டவர்கள் அவர்கள்தான்.

தமிழில் எழுதும்போது 'உப்புக்குக் கீழே' என்று போட்டால் யாருக்கும் புரியாது. 'கடைசிப் பந்தியில் உட்கார வைக்கப்பட்டவர்' என்று எழுதுங்கள். ஆங்கிலத்திலேயே 'பிலோ தி சால்ட்' இன்று பேச்சில் அரிது, எழுத்தில்தான் அதிகம். ஒருவரைப் பார்த்துச் சொல்லவே கூடாத சொல்.

உப்பை வைத்தே ஆங்கிலத்தில் இன்னொரு வழக்கும் உண்டு: 'வொர்த் ஹிஸ் சால்ட்'. வாங்கும் சம்பளத்துக்குக் குறைவில்லாமல் உழைப்பவர் என்று பொருள். அந்த டிரைவர் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது அதுதான்.