ஃப்ளூ ஊசி போட்டால் கொரோனா ஒட்டிக்கொள்ளுமா?

கேள்வி: மாமியாருக்கு 67 வயது, சர்க்கரையும் இருக்குதுங்க. டாக்டர் ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார். “அந்த ஊசி போட்டா கொரோனா சுலபமா வருமாம், அமெரிக்காவுலயே கண்டுபிடிச்சிருக்காங்களாம்” என்று வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, வேண்டவே வேண்டாம் என்கிறார். நிஜமுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இல்லைங்க, தைரியமாகப் போடலாம். அப்படி ஓர் ஆய்வு 2020 தொடக்கத்தில் வெளிவந்தது வாஸ்தவம்தான். ஆனால், அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையினரிடம் 2017-18 ஃப்ளூ பருவத்தில் எடுத்த மாதிரிகளைப் பற்றியது. கோவிட் கிருமி அப்போது மனிதர்களிடம் இல்லவே இல்லை. அதில் சொன்னது, சாதாரணச் சளி பிடிக்க வைக்கும் பழைய கொரோனா வகைகளை.

அந்தச் சளிக் கொரோனா கூடியதாகத் தெரிந்ததற்குக் கணக்கிட்ட விதமே காரணம். ஓர் உதாரணம்: ஊசி போடாதவர்களில் 100 பேர் இருமலோடு வருகிறார்கள், 40 பேருக்கு ஃப்ளூ, 10 பேருக்குக் கொரோனா. ஊசி போட்டவர்களில் ஃப்ளூ 20 ஆகக் குறைந்ததால் 80 பேர்தான் வருகிறார்கள். கொரோனா அதே 10 பேருக்குத்தான். முதலில் 10 சதவீதம், இப்போது 12.5 சதவீதம். ஒருவருக்குக்கூடக் கூடவில்லை, சதவீதம் மட்டும் ஏறிவிட்டது. கனடா ஆய்வாளர்கள் 2010-11 முதல் 2016-17 வரையிலான பருவங்களை எடுத்து, ஃப்ளூ உறுதியானவர்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டார்கள். ஊசிக்கும் கொரோனாவுக்கும் தொடர்பே தெரியவில்லை.

சர்க்கரை உள்ள வயதானவர்களுக்கு ஃப்ளூ வந்தால் நிமோனியா வரை போகும். பயப்பட வேண்டியது அதற்குத்தான். ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்: ஃப்ளூ ஊசி கோவிட்டைத் தடுக்காது.

கேள்வி: எப்போது போடணும்? ஊசி போட்ட மறுநாளே காய்ச்சல் வருகிறதே, ஏன்?
– பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்

பதில்: பலன் கிடைக்க சுமார் இரண்டு வாரம் ஆகும். நம் பக்கம் ஐப்பசி மழையில் காய்ச்சல் பெருகுவதால் செப்டம்பரிலேயே போட்டுக்கொள்வது நல்லது. பெரியவர்களுக்கு 0.5 மில்லி, தோள்பட்டைத் தசையில், வருடம் ஒரு முறை. கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் போன வருட மருந்து உதவாது. பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது என்று பாருங்கள். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதல் தடவை என்றால் நான்கு வாரம் விட்டு இன்னொரு டோஸ் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்குக் கூடாது.

வழக்கமான ஊசியில் இருப்பது செத்த கிருமியின் கூறுகள். அதனால் ஃப்ளூ வராது. கைவலியும் லேசான காய்ச்சலும் உடம்பு எதிர்ப்பாற்றலை உருவாக்குவதன் அடையாளம். ஓரிரு நாளில் சரியாகிவிடும். மூன்றாம் நாளும் காய்ச்சல் அடித்தால் ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். பஞ்சுத் தூசியால் வரும் நாள்பட்ட இருமல் இந்த ஊசியால் தீராது. ஆனால் நுரையீரல் ஏற்கெனவே பழுதானவர்கள் அவசியம் போடணும்.

மருந்துக் கடையில் வாங்கினால் ஐஸ் பேக்கோடு கொண்டுபோங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் வீண்தான், உருகிய பிறகும் போடக்கூடாது. முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.