குமரிக் கடற்கரைக்கும் வீட்டு விசேஷத்துக்கும் எந்த வீடியோ கேமரா?

நாகர்கோவிலில் இருந்துகொண்டு வீட்டு விசேஷங்களையும் கன்னியாகுமரியையும் படமெடுக்க எந்தக் கேமரா வாங்கலாம், எஃபெக்ட்டுகளை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் மிரட்டும் டிஜிட்டல் ஜூம் எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அதன் வேலை. கரையில் நின்றபடி 133 அடி வள்ளுவர் சிலையின் முகத்தை நெருங்க, லென்ஸாலேயே பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம் வேண்டும், கூடவே முக்காலியும். வெளி மைக் செருக வழியில்லாத கேமராவை நான் வாங்கவே மாட்டேன். ஆடிக் காற்றில் முட்டம் பாறைமேல் பதிவான பேச்சை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. மைக்குக்குப் பஞ்சு உறையாவது போடுங்கள்.

எடிட்டிங்குக்கு டேவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே தாராளம். ஆனால் திற்பரப்பு அருவியை ஸ்லோ மோஷனில் காட்ட நினைத்தால் எடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். நொடிக்கு 50 ஃபிரேம், அதாவது 50 தனிப் படங்கள், எடுத்து 25இல் ஓட்டினால் பாதி வேகம் வழுவழுவென்று கிடைக்கும். 25இல் எடுத்ததை இழுத்து மெதுவாக்கினால் தண்ணீர் தத்தித் தத்தி விழும். மண்டபத்து விளக்குகள் படத்தில் மினுக்கினால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடிக்கு மாற்றிப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி; ஷட்டர் அதோடு ஒத்துப்போனால் மினுக்கல் அடங்கும்.

தாலி கட்டும் காட்சியை இதய வடிவத்துக்குள் சுழலவிடும் எஃபெக்ட்டுகள் அதே மென்பொருளில் இருக்கலாம். தயவுசெய்து தொடாதீர்கள்.