சிஸ்விக் மாளிகை ரோட்டோண்டாவின் நகலா?

வணக்கம். லண்டனிலுள்ள சிஸ்விக் மாளிகையை, இத்தாலியின் விச்சென்சா நகர் அருகே கட்டடக் கலைஞர் பல்லாடியோ வடிவமைத்த வில்லா ரோட்டோண்டாவின் நகல் என்று உங்கள் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படி எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. 1560களில் தொடங்கிய ரோட்டோண்டாவில் நான்கு பக்கமும் ஒரே மாதிரியான தூண் முகப்புகள் உள்ளன, நடுக்கூடம் வட்டமானது. 1729 வாக்கில் பர்லிங்டன் பிரபு கட்டி முடித்த சிஸ்விக்கிலோ அத்தகைய முகப்பு ஒன்றுதான், கூடம் எண்கோணம், அதற்கு மேலே அரைவட்டச் சாளரங்கள், கூரையோரத்தில் ஊசித்தூண் வடிவப் புகைபோக்கிகள் (குளிர்நாட்டு வீட்டில் கணப்பு இல்லாமல் முடியுமா?). நகல் என்றே சொல்ல வேண்டுமானால், இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள மியர்வொர்த் மாளிகைக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும்: அங்கே நான்கு முகப்புகளும் இருக்கின்றன, புகைக்குழாய்களையும் அதன் கட்டடக் கலைஞர் கோலின் கேம்ப்பெல் குவிமாடத்தின் ஊடாகவே செலுத்தி, உச்சியில் வெளியேறும்படி சாமர்த்தியமாக மறைத்துவிட்டார்.