கிணற்று நீச்சலும் காவிரியும்

கேள்வி: என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பொங்கல் விடுமுறையில் நண்பர்கள் ஐந்து பேருடன் அஞ்செட்டி வழியாகக் காவிரிக் கரைக்குப் போய், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் குளித்து, இரவு கூடாரம் அடித்துத் தங்கப் போகிறானாம். "எனக்கு நீச்சல் தெரியும், மழைக்காலமும் முடிந்துவிட்டது" என்கிறான். அனுப்பலாமா?
– தேன்கனிக்கோட்டை வாசகி

பதில்: அனுப்பலாம் சகோதரி, ஆனால் அவன் சொல்லும் இடத்துக்கு அல்ல. அஞ்செட்டியைத் தாண்டி ஒகேனக்கல் போகும் வழியிலுள்ள காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அனுமதியின்றி அங்கே நுழைவதே குற்றம் என்னும்போது, இரவு தங்குவதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் உங்கள் ஊர்ப்பக்கம் வருவதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவை தண்ணீருக்கு இறங்கும் அந்தி நேரத்தில்தான் பிள்ளைகள் கூடாரக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆகவே, பகலில் ஒகேனக்கல்லில், குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும் குளித்துவிட்டு, இருட்டுவதற்குள் காட்டுச் சாலையைக் கடந்து திரும்பட்டும்.

அவனுக்கு நீச்சல் தெரியும் என்பதை நான் நம்புகிறேன். என் கவலையே அதில்தான் இருக்கிறது. நம் பகுதிப் பிள்ளைகள் பெரும்பாலும் முதுகில் காலி கேனைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் பழகியவர்கள். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். மூச்சு வாங்கினால் நான்கு கை போட்டுப் படியைப் பிடித்துக்கொள்ளலாம். காவிரியிலோ, படியைப் பிடிக்கக் கை நீட்டும்போது நீங்கள் நீரோட்டத்தோடு பத்தடி தள்ளிப் போயிருப்பீர்கள். ஒகேனக்கல்லின் பாறை இடுக்குகளில் முழங்காலளவு நீரில் நிற்கிறவனுக்கு அடுத்த அடியில் ஆளை விழுங்கும் குழி இருக்கலாம். இழுத்துச் செல்லப்பட்டால் எழுந்து நிற்க முயலக் கூடாது, ஏனெனில் பாறைகளுக்கிடையே கால் சிக்கினால் மேலிருந்து வரும் நீர் ஆளை மடக்கி அமுக்கிவிடும். மல்லாந்து, காலை நீரோடும் திசையில் நீட்டி, கைகளால் தள்ளிக்கொண்டு சாய்வாகக் கரை நோக்கி ஒதுங்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒகேனக்கல் என்றாலே எண்ணெய்க் குளியல்தான். அந்த எண்ணெயோடு பாசிப் பாறையில் கால் வைத்தால் வழுக்கும் என்பது தெரிந்ததே, ஆனால் விழுந்தவனின் கையைப் பிடித்தாலும் அது நழுவிவிடும் என்பது பிடித்த பிறகுதான் தெரிகிறது. மசாஜ் முடித்ததும் சீயக்காய் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே பாறைப் பக்கம் போகச் சொல்லுங்கள். பரிசலில் ஏறினால் உயிர்காப்புக் கவசத்தின் எல்லாக் கொக்கிகளும் மாட்டியிருக்க வேண்டும். தளர்ந்த கவசம் நீரில் மேலே ஏறி முகத்தை மூடுமே தவிர, ஆளைத் தூக்காது.

"மழைக்காலம் முடிந்துவிட்டது" என்ற வாதம் காவிரியிடம் செல்லாது. அங்கே வரும் நீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் தேங்கி, அங்கிருந்து திறந்துவிடப்படுவது. நம் வானம் வெளுத்திருந்தாலும் ஆறு ஏறலாம். புறப்படும் நாளன்று காலையில் காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து விநாடிக்கு எத்தனை கனஅடி என்று செய்தியில் பார்க்கட்டும். குளிக்கவோ பரிசல் இயக்கவோ மாவட்ட நிர்வாகம் தடை விதித்திருந்தால் பயணத்தை ஒத்திப்போடட்டும். குளித்துக்கொண்டிருக்கும்போது நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, துணி எடுக்கக்கூட நிற்காமல் மேலேற வேண்டும்.

ஒருவன் விழுந்துவிட்டால் மற்றவர்கள் பின்னால் குதிக்கக் கூடாது. காலி தண்ணீர்க் கேனை மூடியிட்டு எறியலாம், வேட்டியை முறுக்கி நீட்டலாம், பரிசல்காரரைக் கூவி அழைக்கலாம். கரையேற்றியவனுக்கு மூச்சு இல்லையென்றால், தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தைக் கொல்லும் வேலைகள். உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பின் நடுவில் 30 முறை அமுக்கி, 2 முறை மூச்சு என்று 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் தொடர வேண்டும். பழகிக்கொள்ளாமல் இது கைவராது. ஆறு பேரில் இருவராவது முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்தால் எனக்கும் நிம்மதி.

தை மாதக் குளிரில் ஈரத் துணியோடு பைக்கில் திரும்புவது நீங்கள் நினைப்பதைவிடக் கெடுதல். ஈரம் உடம்புச் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும்; நடுங்குகிறவனுக்கு நாக்கு குழறி, நடை தடுமாறத் தொடங்கினால் அது விளையாட்டல்ல. உலர்ந்த மாற்றுத் துணியும் கம்பளியும் பையில் இருக்கட்டும். சாராயம் சூடேற்றும் என்பது பொய், அது தோலுக்கு ரத்தத்தை இழுத்து உள்சூட்டைக் குறைக்கும். வழியில் அறையெடுத்துத் தங்கினாலும் கரி அடுப்பை உள்ளே மூட்டி வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

காட்டு வழியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் எத்தனை மணிக்குள் பேசவில்லையென்றால் நீங்கள் யாரை அழைப்பது என்பதை, அவன் வண்டியை எடுப்பதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.