ஒரே மாடலில் இரண்டு வாங்கியும் ஜோடி சேரவில்லையே!

கேள்வி: கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். சத்தம் பிடித்துப்போய் அதே மாடலில் இன்னொன்றும் வாங்கினேன். அறையின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வைத்துப் பாட்டு கேட்க வேண்டும் என்று ஆசை. ஆனால் போன் ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் சேர்கிறது. அழுத்திப் பார்க்காத பட்டன் இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், "இந்த மாடலில் அந்த வசதி கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பெட்டியில் ப்ளூடூத் 5.3 என்று போட்டிருக்கிறதே! நான்தான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?

பதில்: நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. பட்டன்களோடு போராடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

5.3 என்பது ப்ளூடூத் எந்தப் பதிப்பு என்பதை மட்டும்தான் சொல்கிறது. உங்கள் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சேர்ந்து பாடுமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. போனிலிருந்து பாட்டை அனுப்ப இத்தனை காலமாகப் பயன்படும் முறைக்கு ஏ2டிபி என்று பெயர். அனுப்புவது ஒருவர், வாங்குவது ஒருவர் என்ற கணக்கில் எழுதப்பட்டது அது. ஒரே பாட்டை இரண்டு பெட்டிக்கு ஒரே கணத்தில் கொடுப்பது எப்படி என்று அதில் விதியே இல்லை.

அந்த இடைவெளியைக் கம்பெனிகள் தங்கள் சொந்த ஏற்பாட்டால் நிரப்பின. போன் ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பாட்டை அனுப்பும். அது இடப்பக்க ஒலியைத் தனக்கு வைத்துக்கொண்டு வலப்பக்க ஒலியைப் பக்கத்து ஸ்பீக்கருக்குக் கடத்திவிடும். இரண்டும் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டே ஒலிக்கும். டிடபிள்யூஎஸ் என்று பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். இந்த ஏற்பாட்டைக் கம்பெனி உள்ளே வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பெட்டிகளைச் சேர்க்கும் இந்த வசதிக்கு ஆளுக்கொரு பெயர் வேறு. அல்டிமேட் இயர்ஸில் பார்ட்டிஅப், சோனியில் பார்ட்டி கனெக்ட். ஒரு கம்பெனி பொருள் இன்னொரு கம்பெனி பொருளோடு சேராது என்பதையாவது புரிந்துகொள்ளலாம். ஒரே கம்பெனிக்குள்ளேயே சேராது என்பதுதான் பலரும் வாங்கிய பிறகு தெரிந்துகொள்ளும் விஷயம். ஜேபிஎல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளிப் 4-இல் கனெக்ட் பிளஸ், ஃபிளிப் 5-இலும் 6-இலும் பார்ட்டிபூஸ்ட், ஃபிளிப் 7-இல் ஆராகாஸ்ட். ஒரு முறையில் உள்ளது அடுத்த முறையில் உள்ளதோடு சேராது. சின்ன மாடலான கோ 3-இல் இரண்டைச் சேர்க்கும் வசதியே கிடையாது.

பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். தண்ணீர் பட்டால் தாங்கும் என்று போடுகிறார்கள். "இதை இன்னொன்றோடு சேர்க்க முடியாது" என்று ஒரு வரி போட மனம் வருவதில்லை. செலவு கூடும் என்று காரணம் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். பெயரே கேள்விப்படாத, மிகக் குறைந்த விலை ஸ்பீக்கர்களில்கூட டிடபிள்யூஎஸ் வருகிறதே! வாங்குகிறவர் இரண்டாவது பெட்டியைப் பிரித்து, பட்டனை அழுத்திப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அநியாயம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில் கம்பெனியின் ஆப் இருந்தால் அதில் இரண்டு ஸ்பீக்கரையும் தனித்தனியாகச் சேர்த்து, மென்பொருளை ஒரே பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். ஜோடி வசதி உள்ள மாடலாக இருந்தும் பதிப்பு வேறாக இருப்பதால் சேராமல் போவதுண்டு. உங்களுக்கு "கிடையாது" என்றே சொல்லிவிட்டதால் பெரிய நம்பிக்கை வேண்டாம். அடுத்து ஸ்பீக்கரின் பின்பக்கம், ரப்பர் மூடிக்கு அடியில் ஆக்ஸ் துளை, அதாவது பாட்டுக்கான ஒயர் மாட்டும் துளை, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வழி பிறந்துவிட்டது. அதைக் கீழே சொல்கிறேன். துளையும் இல்லை, திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடியவில்லை என்றால் இரண்டாவதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரணம் கேட்கும் இடத்தில் "ஜோடி சேரும் வசதி இல்லை" என்று தெளிவாக எழுதுங்கள். "பிடிக்கவில்லை" என்று எழுதினால் அது யார் கண்ணிலும் படாது.

கேள்வி: என் போனிலேயே ஒரே நேரத்தில் இரண்டு ஸ்பீக்கருக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. இரண்டும் பாடுகின்றன. ஆனால் கிணற்றுக்குள் இருந்து கேட்பது போல எதிரொலிக்கிறது. ஸ்பீக்கர் பழுதா?

பதில்: பழுதில்லை. இதே எதிரொலியோடு நானும் பல நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அம்மா இடுப்பு எலும்பு முறிந்து உள்ளறையில் படுத்திருந்த மாதங்கள் அவை. நான் முன்னறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன். நான் கேட்கும் பாட்டே தனக்கும் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ஒன்றை மட்டும் வைத்துச் சத்தத்தைக் கூட்டினால் எனக்குக் காது வலிக்கும், குறைத்தால் அவருக்குக் கேட்காது. அதனால் ஒரே மாதிரி இரண்டு ஸ்பீக்கர் வாங்கினேன். பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போலப் படம் இருந்தது, நம்பிவிட்டேன். வசதி இல்லை என்று தெரிந்ததும் உங்களைப் போலவே போன் வழியாக இரண்டுக்கும் அனுப்பினேன். பல்லவி முடிவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது: "என்னடா, பாடுறவர் பின்னாடியே இன்னொருத்தர் ஒப்பிச்சுக்கிட்டு வர்றாரே?"

நடுவில் கதவு நிலையில் நின்று கேட்டேன். ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறை விழுந்தது. மிருதங்கத்தின் ஒரு தட்டு இரண்டு தட்டாகக் கேட்டது. ஸ்பீக்கர்களை நெருக்கி வைத்தேன், மாறவில்லை. மாறாது என்று பிறகுதான் உறைத்தது.

போன் இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக அனுப்புகிறது. ஒவ்வொன்றும் வந்ததைக் கொஞ்சம் சேர்த்துவைத்து, பிரித்து, அப்புறம்தான் ஒலிக்கும். சாதாரண ப்ளூடூத்தில் இந்தத் தாமதம் 100 முதல் 200 மில்லி விநாடி வரை சர்வசாதாரணம். இரண்டுக்கும் ஒரே அளவு தாமதம் என்றால் கவலையில்லை. ஆனால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், அதைச் சரிசெய்ய ஸ்பீக்கர்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லி விநாடி. ஒரு ஸ்பீக்கர் 100 மில்லி விநாடி பிந்தினால், அதை 34 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்ததற்குச் சமம். சிறு இடைவெளியை நம் காது ஒரே ஒலியாகச் சேர்த்துக்கொள்ளும். 30, 40 மில்லி விநாடியைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிடும்.

எங்கள் வீட்டில் கடைசியில் ஒயர்தான் கைகொடுத்தது. ஒரு முனையை இரண்டாகப் பிரிக்கும் ஆக்ஸ் ஒயர் ஒன்று, அதிலிருந்து கதவிடுக்கு வழியாக உள்ளறைக்கு நீளமான ஒயர் ஒன்று. போனில் துளை இல்லாததால் சார்ஜ் துளையில் மாட்டும் சின்ன மாற்றி. ஒரே மாடல் என்பதால் இரண்டும் ஒரே கணத்தில் ஒலித்தன. ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா, "இப்ப ஒருத்தர்தான் பாடுறார்" என்றார்.

ஒன்று கவனியுங்கள். சாதாரணப் பிரிப்பு ஒயர் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலியைத்தான் கொடுக்கும். முதல் கேள்வி கேட்ட வாசகர் விரும்புவது போல இடம் வலம் தனித்தனியாக வேண்டுமானால், இடது வலதைப் பிரித்துத் தரும் ஒயர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: நான் வாங்கிய ஒற்றை ஸ்பீக்கரில் "ஸ்டீரியோ" என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் இன்னொன்றோடு சேரும்தானே?

பதில்: சேரும் என்று சொல்ல முடியாது. ஒரே பெட்டிக்குள் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என இரண்டு ஒலிப்பான் இருந்தாலும் ஸ்டீரியோதான். "ஸ்டீரியோ பேரிங்" என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். "பார்ட்டி" என்று மட்டும் இருந்தால் எல்லாப் பெட்டியும் ஒரே ஒலியைப் பாடுவதோடு நின்றுவிடலாம், இடம் வலம் பிரியுமா என்று தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: ஆராகாஸ்ட் வந்துவிட்டது, இனி எல்லாம் சேரும் என்கிறார்களே? காத்திருக்கலாமா?

பதில்: நல்ல மாற்றம்தான், நானும் ஆவலோடு பார்க்கிறேன். ஆராகாஸ்ட் என்ற பெயர் 2022-இல் வந்தது. வானொலி நிலையம் போல ஒரு கருவி ஒலிபரப்பும், அருகில் இருக்கும் எத்தனை கருவி வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நேரத்தைச் சரியாகப் பிடிக்கும் ஏற்பாடு அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. ப்ளூடூத்துக்கு இத்தனை நாள் இல்லாமல் இருந்தது அதுதான்.

ஆனால் இதற்குப் புதிய வகை ப்ளூடூத் ஒலி முறை தேவை. பழைய ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்டேட் வழியாக அது வந்து சேராது. இடம் வலம் பிரிப்பதும் ஆராகாஸ்ட் என்ற பெயர் இருப்பதாலேயே கிடைத்துவிடாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். இன்று வாங்குவதாக இருந்தால் கடையிலேயே இரண்டு பெட்டியையும் பிரிக்கச் சொல்லி, உங்கள் போனிலிருந்து பாட்டுப் போட்டு, இரண்டும் சேர்ந்து பாடுவதைக் காதால் கேட்ட பிறகு பணம் கொடுங்கள். பிரித்துக் காட்ட மாட்டோம் என்றால் ஒன்றோடு திரும்பிவிடுங்கள்.