பர்னிஷ்டு ஸ்டுடியோவா? அட்வான்ஸுக்கு முன்னால் பட்டியலைக் கேளுங்கள்

கேள்வி: வேலைக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தனியாக வருகிறேன். அலுவலகம் சோழிங்கநல்லூரில். துரைப்பாக்கத்தில் கட்டில், ஏசி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கிற ஒரு ஸ்டுடியோவை, அதாவது ஒற்றை அறை வீட்டைப் பார்த்திருக்கிறேன். வாடகை 22,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், கரண்டுக்கு யூனிட் 12 ரூபாய், 11 மாத ஒப்பந்தம். பொருட்களைப் பட்டியல் போட்டு எழுதித் தர முடியாது, நம்பிக்கைதான் முக்கியம் என்கிறார் ஓனர். டோக்கன் கொடுத்துவிடலாமா?

பதில்: இன்னும் கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்டதில் எனக்கு உறுத்துவது வாடகையோ கரண்டோ அல்ல, அந்தப் பட்டியல்தான். வெறும் வீடாக இருந்தால் காலி செய்யும்போது சண்டைக்குச் சுவரும் பைப்பும்தான் இருக்கும். பொருட்களோடு வாடகைக்கு எடுத்தால் மெத்தைக் கறை, பிரிட்ஜ் கதவு ரப்பர், ஏசியில் கேஸ் இறங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் அட்வான்ஸில் கைவைக்க வழி உண்டு, அதில் எது நீங்கள் வருவதற்கு முன்பே இருந்தது என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

அதனால் ஒவ்வொரு பொருளின் பிராண்ட், மாடல், சீரியல் நம்பர், இப்போதைய நிலை எல்லாவற்றையும் எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள், இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சாவி வாங்கும் நாளில் ஏசி, கீசர், வாஷிங் மெஷின் மூன்றையும் ஓடவிட்டு, ஓனரை வைத்துக்கொண்டே வீடியோ எடுத்து, அன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகிவிடும். துரைப்பாக்கம் இருக்கும் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் பல கட்டிடங்களில் உப்பான போர்வெல் தண்ணீர்தான், கீசரும் வாஷிங் மெஷினும் அதிலேயே சீக்கிரம் கெட்டுப்போகும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழக் கூடாது. சாதாரணமாகப் பயன்படுத்தித் தேய்ந்தால் ஓனர் செலவு, நீங்கள் உடைத்தால் உங்கள் செலவு என்று ஒரு வரி இருக்கட்டும். ஏசி சர்வீஸ் யார் பொறுப்பு, காலி செய்யும்போது பெயின்டிங் என்று எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

அட்வான்ஸுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. உங்கள் கணக்கில் அது 66,000. ஆனால் ஒன்றரை லட்சம் என்று எழுதிய ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வரம்பைப் பிறகு காட்ட முடியாது, பேரம் பேசுவதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 11 மாதம்தானே, பதிவு எதற்கு என்பார்கள். இந்தச் சட்டத்தில் எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கு அரசின் இணையதளமே இருக்கிறது. பதியாமல் விட்டால் நாளை தகராறு வரும்போது இந்தச் சட்டத்தின் உதவியைக் கேட்டுப் போவது கஷ்டம்.

கரண்ட் விஷயத்தில், உங்கள் வீட்டுக்கென்று தனி ஈபி இணைப்பா, இல்லை ஒரு பெரிய வீட்டைத் தடுத்து, அதன் ஒரே இணைப்பிலிருந்து உங்கள் பங்கை அளக்க ஓனரே சப் மீட்டர் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். யூனிட் 12 என்று அவர் ஒரே ரேட் சொல்வதைப் பார்த்தால் சப் மீட்டராகத்தான் தோன்றுகிறது. தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், பில்லை நீங்களே கட்டலாம். ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் மாதம் 240 யூனிட், 12 ரூபாய் வீதம் அதற்கு மட்டும் 2,880 ஆகிவிடும். பழைய ஏசியாக இருந்தால் இன்னும் கூடும், அதனால் ஸ்டார் ஸ்டிக்கரையும் வருடத்தையும் பார்க்காமல் வராதீர்கள்.

அப்புறம் தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அது மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியாகப் பிரிப்பார்களா என்று ஓனரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். தரைத்தளம் என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்றும் அவர்களிடமே விசாரித்துவிடுங்கள்.

பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு கேட்பதாக இருந்தால் ஓனரின் பான் எண் தேவைப்படும், ஏனென்றால் உங்கள் வாடகை வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. பணத்தை அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். அட்வான்ஸைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன், பட்டியல் மட்டும் வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். வெறும் வீடாகப் பார்த்து, கட்டிலையும் பிரிட்ஜையும் மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், சென்னையில் அதற்கு நிறையக் கடைகள் இருக்கின்றன.